பதினொரு தடித்த நூல்களும் அக்காவின் ஒரு புத்தகமும்

குடிநீர் வாரிய எழுத்தரின் நாவல் வெளியான மறுநாள் காலை, அந்த நாவலுக்குள் இருந்த பன்னிரண்டு புத்தகங்களும் அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. பதினொன்று கதாநாயகன் படிப்பவை. தோல் அட்டை போட்ட தடித்த தத்துவ நூல்கள். பன்னிரண்டாவது அவனுடைய அக்கா படிப்பது. அட்டை கிழிந்த துப்பறியும் கதை. கதாநாயகன் தன்னுடைய சாயல் என்பதை எழுத்தர் யாரிடமும் மறைத்ததில்லை. அந்த அக்கா யாருடைய சாயல் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவள் அதே கூடத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பெற்றுவிட்டு அம்மா கண்ணை மூடியபோது நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாவலில் அவள் வரிக்கு அடியில் விரல் வைத்து, உதடு அசைய, ஒரு பக்கத்தைக் கால் மணி நேரம் படிப்பாள். வெளியீட்டு விழாவில் அவர் வாசித்துக் காட்டியது அந்தப் பகுதியைத்தான். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. இரண்டாவது வரிசையில் அக்காவும் சிரித்தாள்.

சேதி கேட்டு மாடி வீட்டுப் பல் டாக்டரும் எதிர்க்கடை முடிதிருத்துபவரும் வந்தார்கள். டாக்டர் முதல் நூலைத் திறந்தார். கதாநாயகன் மூன்றாம் அத்தியாயத்தில் மேற்கோள் காட்டும் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளைத் தாள். பதினொன்றும் அப்படியே. "நல்ல கனம்தான்" என்று முடிதிருத்துபவர் மரியாதையாகச் சொல்லித் திருப்பி வைத்தார். அந்த நூல்களின் பின்னட்டையைத் தாண்டி எழுத்தரும் படித்ததில்லை.

அக்காவின் புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் எழுத்து நிறைந்திருந்தது. ஓரங்களில் குண்டு குண்டாக அக்காவின் பென்சில் எழுத்து. டாக்டர் உரக்கப் படித்தார். 'தம்பிக்குக் காய்ச்சல். இங்கே நிறுத்தினேன்.' 'தம்பிக்குப் பரீட்சை. விளக்கு அவனுக்கு.' 'தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரே வரியை நாலு தடவை படிக்கிறேன், மண்டையில் ஏறவில்லை.' அடுத்ததைப் படிக்காமல், நோயாளி காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் மாடியேறினார். அவர் படிக்காமல் விட்டது முன்னூற்று எண்பத்தோராம் பக்கத்தில் இருந்தது: 'தம்பியின் விழா. துணிக்கு இஸ்திரி போட வேண்டும்.'

எழுத்தர் அந்தப் புத்தகத்தை மூன்று முறை பரணில் ஒளித்து வைத்தார். மூன்று முறையும் மதியத்துக்குள் அது மெஷின் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒன்பது நாள் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு நீ ஏன்க்கா சிரிச்சே?"

"எல்லாரும் சிரிக்கிறப்ப நான் மட்டும் உம்முன்னு இருந்தா, உனக்கு நல்லாவா இருக்கும்?"

அவர் பேனாவை எடுத்து, இரண்டாம் பதிப்புக்காக அந்தப் பகுதியை அடிக்கப் போனார். அக்கா தடுத்தாள்.

"அதை எடுக்காதடா. நான் அப்படித்தானே படிக்கிறேன்."

அதனால் நாவலிலிருந்து பதினொரு தத்துவ நூல்களையும் அடித்தார். இரண்டாம் பதிப்பு வந்த அன்று அவை கூடத்தில் இல்லை. யாரும் தேடவும் இல்லை. காலியான இடத்தில் அக்கா வெட்டிய காலர் துண்டுகளை அடுக்கிக்கொண்டாள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் மிச்சப் பக்கங்களைப் படிக்கும்போது எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சொல்லில் அவள் விரல் நின்றது.

"இதுக்கு என்னடா அர்த்தம்?"

பழக்கத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

"தெரியலக்கா."

"சரி விடு, போகப் போகத் தெரியும்" என்றாள் அக்கா. விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது.