மூன்றுக்கும் ஆறாம் சேனல்

சவம் வைக்கும் மலர்ச்சாலையின் மூன்று மண்டபங்களிலும் அன்று சாவு. மூன்றையும் வெளிநாட்டிலிருந்து யாரோ வைஃபையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடு மண்டபத்தில் கிடந்தவன் என் தம்பி பிறையன். டெங்கு. பார்க்க வேண்டியவள் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மா. மேடம் லீவு தரவில்லை. பாஸ்போர்ட்டும் மேடத்தின் அலுமாரியில்.

வீடியோ கோலில் அம்மா சதுரம் சதுரமாக உடைந்தாள். "ஒண்ணும் தெரியலடி..." என்றதோடு கோலும் அறுந்தது. பாதர் வந்துவிட்டார். ஜெபம் முடிந்தால் மூடிவிடுவார்கள்.

போனில் பார்த்தேன். மூன்று மண்டபத்து வைஃபை கருவிகளும் ஆறாம் சேனலில். காற்றில் வேறு பாதைகள் சும்மா கிடக்க, மூன்றும் ஒரே பாதையில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன.

மேனேஜர் எஸ்ரனிடம் ஓடினேன்.

"எல்லாத்துக்கும் ஒரே நம்பர் இருந்தாத்தானே மிஸ் ஒழுங்கு? நானே போட்டது."

"ஒரே நம்பர்னா மூணும் முட்டிக்கும். ஒண்ணு, ஆறு, பதினொண்ணுன்னு பிரிக்கணும். பாஸ்வேர்டைத் தாங்க."

"அதுக்கெல்லாம் இஞ்சினியர் வரணும் மிஸ்."

"நான்தான் இஞ்சினியர்!"

மேலும் கீழும் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். நான் படிக்கத்தான், தம்பி ஏழாம் வகுப்பில் இருக்கும்போது அம்மா கடல் தாண்டிப் போனாள். பிறகு மேடம் அவளை ஒருமுறையும் ஊருக்கு அனுப்பவில்லை. அதையெல்லாம் இந்த ஆளுக்கு விளக்க முடியாது. கத்தினேன். பாஸ்வேர்டைச் சொன்னார்.

தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து போனில் மாற்றத் தொடங்கினேன். றீற்றா அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"கூடப் பொறந்தவன் கெடக்கான், இவ போனை நோண்டுறா. படிச்ச திமிரு!"

"ஆமா அத்தை, திமிருதான். கொஞ்சம் நகருங்க."

முதல் மண்டபத்துக்கு ஒன்று. எங்களுக்கு ஆறு. கடைசிக்குப் பதினொன்று. கருவிகள் அணைந்து எழுந்தன. பக்கத்து மண்டபத்தில் யாரோ சிங்களத்தில் ஏசினார்கள். மறுபடி கோல் எடுத்தேன்.

அம்மா வந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமைகூடத் தெரிந்தது. போனைத் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன். கூர்ந்து பார்த்தாள்.

"புருவத்துல என்னடி காயம்? டெங்குன்னுதானே சொன்னீங்க? யாரு அடிச்சா எம்புள்ளைய?"

"அது பழசும்மா. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கையில கிரிக்கெட் பந்து பட்டது."

"பழசா? நான் பார்க்கவே இல்லையே..."

எப்படிப் பார்ப்பாள்? தேயிலைத் தோட்டத்து லயத்து மேட்டில் ஏறி நின்று, கிடைத்த சிக்னலில் இத்தனை வருடமும் அவளுக்கு நாங்கள் காட்டியது ஒரு கலங்கல் முகத்தை.

பாதர் சிலுவை அடையாளம் போட்டார். எஸ்ரனின் ஆட்கள் மூடியைத் தூக்கி வந்தார்கள்.

"மூட விடாதடி," என்றாள் அம்மா. "இன்னும் என்னென்ன பார்க்காம விட்டேன்னு பார்த்துக்கிறேன். காது காட்டு. கையைக் காட்டு."

"மிஸ், நேரமாச்சு," என்றார் எஸ்ரன்.

நான் நகரவில்லை. தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.