இருக்கான் கட்சி

சேரன்மகாதேவியில் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியவர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு அப்பாத்துரை. 1992-ஆம் வருஷம் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தில்லைநாயகம் பிள்ளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் நாலு விரற்கடை உயர்ந்தார். அன்று சந்தையில் கத்தரிக்காய் கிலோ மூன்று ரூபாய். அப்பாத்துரை கனத்த மனிதர்; இருந்தும் சம்மணம் கலையாமல் எழும்பினார், அவருக்குக் கீழே பத்தமடைப் பாய் மட்டும் தரையிலேயே கிடந்தது. அவர் அப்போது பேசிக்கொண்டிருந்தது டி.வி.யில் வரும் ராக்கெட் நாடகத்தைப் பற்றி. ராக்கெட்டில் கூடவே போகிற இயந்திர மனிதன் கேப்டனை வேவு பார்க்க வந்தவன் என்று சொல்லி முடித்தார், இறங்கிவிட்டார். அடுத்த வாரம் அந்த இயந்திர மனிதன் கேப்டனின் பெட்டியைத் திறந்து குடைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். நாடகத்தைப் பற்றி எவர் சரியாகச் சொல்கிறாரோ அவர் எழும்புவார் என்பது அன்றைக்கே முடிவாயிற்று. ஊருக்கு இதில் பெரிய மலைப்பு ஒன்றும் இல்லை. வாதத்தில் யார் ஜெயித்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்ற நிம்மதிதான் இருந்தது.

அந்த நிம்மதி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் கோயில் கொடை முதல் கத்தரிக்காய்க் கூட்டு வரை எதைப் பற்றியும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, நடுவர் வைத்து, பட்டிமன்றம் நடத்தாமல் விடமாட்டார்கள். ராக்கெட் நாடகத்தை மட்டும் விடுவார்களா? நாடகம் டெல்லியிலிருந்து இந்தியில் வந்தது. அதன் பெயரைக்கூட ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இந்தி தெரியாதது பற்றி யாருக்கும் வெட்கமும் இல்லை; அப்பாத்துரை மாணவராக இருந்தபோது ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசியவர், அதை இன்றும் சொல்லிக்கொள்வார். தில்லைநாயகம் பிள்ளை நாக்பூர் தபால் ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்று வந்தவர். கலர் டி.வி.யும் அவரிடம்தான் இருந்தது, இந்தியும் அவரிடம்தான் இருந்தது. நாடகம் ஓட ஓட வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். முடிந்ததும் அவரே நடுவர். நடுவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது பட்டிமன்ற முறை. அதனால் அவர் ஒருநாளும் எழும்பாததை யாரும் குறையாக நினைக்கவில்லை.

ஞானம்பாள் டீச்சர் அங்கே வந்தது ராக்கெட்டுக்காக இல்லை. முதல் வாரமே கேப்டனின் மனைவி மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்தாள், அதற்காக வந்தாள். அவள் கணவன் குமரவேல் குவைத்தில் கணக்கராக இருந்தான். 1990-இல் அங்கே சண்டை வந்தபோது தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து போயிருந்தவர்கள் எல்லாரும் பாலைவனம் தாண்டி, அம்மானில் விமானம் ஏறி, கட்டின துணியோடு வந்து சேர்ந்தார்கள். குமரவேல் வரவில்லை. ஞானம்பாள் காயல்பட்டினத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் வீடு வீடாக விசாரித்தாள். சித்தி ஜனாபா என்ற அம்மாளின் புருஷன், குமரவேல் அம்மான் பஸ்ஸில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. அவள் பூவையும் பொட்டையும் எடுக்கவில்லை, எடுக்கச் சொன்ன சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

நான்காவது வாரம் ராக்கெட் தீப்பிடித்தது. திரை முழுக்கப் புகை. மனைவி ரேடியோப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள், ஒரு ஆண்குரல் இந்தியில் நீளமாக ஏதோ சொன்னது. கூடத்தில் எல்லாரும் தில்லைநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் ஞானம்பாளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கேப்டன் தப்பித்துவிட்டான், வேறொரு கிரகத்தில் இறங்கியிருக்கிறான், அங்கிருந்து வர வழி தெரியவில்லை என்று சொன்னார்.

அதற்கப்புறம் கேப்டன் வாராவாரம் வந்துகொண்டுதான் இருந்தான். மனைவி ஜன்னலோரம் போய் நிற்பாள், படம் ஒரு மாதிரி கலங்கும், கேப்டன் மாமரத்தடியில் சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பான். அதுதான் தூரத்துக் கிரகம் என்று தில்லைநாயகம் சொன்னார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு ஊர் கட்டிய மாளிகை கொஞ்சநஞ்சமில்லை. கிரகத்தில் மாமரம் எப்படி வந்தது? அது பூமியின் இரட்டைப் பிள்ளை என்றார் அப்பாத்துரை. கேப்டன் ஏன் இளைத்து, மீசை அரும்பி, சின்னப் பையனாகத் தெரிகிறான்? அங்கே காலம் பின்னால் போகிறது என்றார் பௌதிக வாத்தியார் குருபிரசாத், கரும்பலகையில் படமே போட்டுக் காட்டினார். அவன் மனைவியும் அங்கே எப்படிப் பட்டுப்புடவை கட்டி நிற்கிறாள்? அதற்கு இரண்டு ஞாயிறு பட்டிமன்றம் நடந்தது. இந்த விளக்கங்களைச் சொன்ன ஒருவரும் ஒரு நூலளவுகூட எழும்பவில்லை. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? மழைக்காலத்து ஈரம் தரையில் ஏறியிருப்பதால் பிடித்துக்கொள்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

நான்காவது வாரத்துக்கு அப்புறம் எழும்பியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஞானம்பாள். கேப்டன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் சொன்னபோதெல்லாம் ஒரு சாண் உயர்ந்தாள். அவள் பக்கம் சேர்ந்தவர்கள் இருக்கான் கட்சி. இன்னொருத்தி காமாக்ஷி டீச்சர். ஞானம்பாள் வேலை பார்த்த பெண்கள் பள்ளியிலேயே கணக்கு எடுப்பவர், ஆற்றங்கரை அக்கிரகாரத்துக்காரர், ஞானம்பாளுக்கு மூத்தவர், உற்ற சிநேகிதி. கேப்டன் போய்விட்டான் என்பது அவர் கட்சி. அவரும் சொல்லும்போது அதே ஒரு சாண் உயர்ந்தார். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நேருக்கு நேர் மிதந்தபடி சண்டை போட்டார்கள்.

“இருந்தா ஏண்டி வரலை?” என்பார் காமாக்ஷி.

எரிபொருள் தீர்ந்திருக்கும், கம்பியில்லாத் தந்தி பழுதாகியிருக்கும், அங்கே ஏதோ ஒரு சக்தி பிடித்து வைத்திருக்கும் என்று ஞானம்பாள் அடுக்குவாள். அடுக்க ஆரம்பித்ததும் தரைக்கு வந்துவிடுவாள். மறுபடி, ஆனாலும் இருக்கான் என்று சொன்னால் எழும்புவாள். எதிரெதிரான இரண்டு பேச்சும் எப்படிச் சரியாகும்? நடுவர் தீர்ப்புச் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை வெள்ளத்தில் தாமிரபரணி கரை மீறி வந்து, கரண்டுக் கம்பங்கள் சாய்ந்து, ஒரு வாரத்து நாடகம் போயிற்று. வீடு இழந்தவர்கள்கூட நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றபடி, அந்த வாரம் கேப்டனுக்கு என்ன ஆகியிருக்கும் என்றுதான் பேசினார்கள். ஞானம்பாள் அந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு சுற்றுப் பெருத்தாள், வகுப்பில் சிரித்தாள், குமரவேலுக்கு என்று இரண்டு சட்டைத்துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாள். தையற்காரர் அளவு கேட்டபோது, போனபோது இருந்த அளவுதான் என்றாள்.

1993 மார்கழியில் நாடகம் முடிந்தது. கடைசி வாரம் சுவரில் கேப்டனின் படம் மாட்டியிருந்தது, அதற்குச் சந்தன மாலை போட்டிருந்தது. ஒரு பெரிய அதிகாரி, கேப்டனின் மனைவி கையில் மடித்த கொடியும் பதக்கமும் கொடுத்துத் தலை குனிந்தார். அவள் வெள்ளைச் சேலையில் இருந்தாள். இதற்கு இந்தி தெரிய வேண்டியதில்லை. தில்லைநாயகம் அன்றைக்கு ஒரு வாக்கியமும் சொல்லவில்லை. மாமரமும் சைக்கிளும் அவள் நினைப்பில் வந்தவை என்பது ஒரு நொடியில் கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. அப்பாத்துரை எழுந்து துண்டை உதறினார். முக்கூடல் வரைக்கும் போய் இரட்டைப் பூமியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவர் அவர். “ஒன்றரை வருசமா எங்களைக் கேணயனாக்கிட்டீரே வே,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் செருப்பைத் தேடினார்கள். ஊர் அதற்குத் துரோகம் என்று பேர் வைத்தது. அது சரியான பேர்தான், ஆனால் ஊருக்கு அதில் கால்வாசிதான் தெரியும்.

ஞானம்பாள் எழுந்திருக்கவில்லை. காமாக்ஷி அவள் பக்கத்தில் நின்றார்.

“அண்ணாச்சி, கேப்டன் எப்பம் செத்தான்?” என்று தில்லைநாயகத்திடம் ஞானம்பாள் கேட்டாள்.

“நாலாம் வாரமே.”

“அப்பம் நான் எப்படி எழும்பினேன்? பொய் சொன்னா எழும்ப முடியாதே.”

தில்லைநாயகம் டி.வி.யை அணைத்தார். அணைத்த பிறகும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ கேப்டனைச் சொல்லலைம்மா. குமரவேலைச் சொன்ன. அவன் இருக்கான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நாடகம் தொடங்குவதற்கு முந்தின மாசி மாதம் மகள் சித்ரலேகாவின் பிரசவத்துக்காக பம்பாய் போயிருந்தார். மாதுங்கா காய்கறிச் சந்தையில் குமரவேல் எதிரே வந்தான். தோளில் ஒரு குழந்தை, பக்கத்தில் பை பிடித்துக்கொண்டு ஒரு பெண். அம்மானிலிருந்து பம்பாய் வரைக்கும் எல்லாரையும் போலத்தான் வந்திருக்கிறான். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து, தெற்கே போகிற ரயிலில் ஏறவில்லை, அவ்வளவுதான். தன்னைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான். தில்லைநாயகம் அந்த டீயைக் குடித்தார். ஊருக்கு வந்த பிறகு சொல்ல நினைத்தார், வாய் வரவில்லை. நாலாம் வாரம் அந்த ரேடியோக் குரல் கேப்டன் செத்தான் என்றதும், அவள் முகத்தைப் பார்த்து, இதையாவது நல்லபடியாகச் சொல்வோம் என்று தோன்றியது என்றார்.

ஞானம்பாள் அழவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது, அது வந்த இடமும் சரியான இடம்தான்.

“அவுக போனது அவுக இஷ்டம். நீங்க பக்கத்துலயே உக்காந்து, நான் எழும்புததையும் இறங்குததையும் பாத்துக்கிட்டு இருந்தியளே அண்ணாச்சி.”

அடுத்த ஞாயிறு அந்த நேரத்துக்கு டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். இருந்தாலும் பழக்கதோஷத்தில் கூட்டம் கூடியது, திட்டுவதற்காகவாவது வந்தார்கள். ஞானம்பாள் நடுக்கூடத்தில் நின்று, பட்டிமன்றத்தில் பேசுவது போலவே நிதானமாகப் பேசினாள்.

“அவுக உசிரோடதான் இருக்காவ. மாதுங்கால இருக்காவ. வழி தெரியாம இல்ல, வர மனசில்லாம இருக்காவ.”

இந்த ஒரு விளக்கத்தை ஒன்றரை வருஷத்தில் எந்தக் கட்சியும் சொல்லவில்லை. ஒரு சாண் உயர்ந்தாள், ஒரு முழம் உயர்ந்தாள், நிற்கவில்லை. அப்பாத்துரை ஓடிப்போய் மின்விசிறியை அணைத்ததால் தலை தப்பியது. உத்திரத்தில் கை ஊன்றி நின்றாள். எல்லாரும் இறங்குவாள் என்று காத்திருந்தார்கள். சொன்னது அப்போதைக்கு மட்டும் உண்மையாக இருந்தால்தானே இறங்குவதற்கு? மதியச் சாப்பாட்டு நேரமாகியும் இறங்காததால், காமாக்ஷி நாற்காலி போட்டு ஏறி அவள் முந்தானையைப் பிடித்து, முற்றத்து வழியாக வெளியே எடுத்து, தெரு நெடுக நடத்திக் கூட்டிப்போய் வீட்டில் விட்டார். பைய நடங்க டீச்சர், சேலை கிழியுது என்று ஞானம்பாள் மேலேயிருந்து ஒரு முறை சொன்னாள்.

நாளாவட்டத்தில் ஓர் ஆள் உயரத்தில் நிலைத்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பை மட்டும் விசிறி இல்லாத அறைக்கு மாற்றினார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, பின்வரிசைப் பிள்ளைகள் தூங்காமல் கவனிக்கப்படுவதாகப் பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அடுப்பைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டாள். தைத்த சட்டைகளை அப்பாத்துரை கேட்டார், கொடுத்துவிட்டாள்; அவருக்குப் பத்தவில்லை. தில்லைநாயகம் டி.வி.யை விற்றார். தினமும் காலையில் அவள் அவர் வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். அவர் வாசலில் நிற்பார். அவள் ஒருநாளும் கீழே குனிந்து பார்த்ததில்லை.

1998 சித்திரையில் குமரவேல் வந்தான். செங்கோட்டைப் பாசஞ்சரில் வந்து இறங்கி, நேரே தில்லைநாயகம் வீட்டுக்குத்தான் போனான். தலை நரைத்திருந்தது, கையில் ஒரு பை இருந்தது. அவனைப் பார்த்ததும் பிள்ளைவாள் தெருவில் இறங்கி, “குமரவேல் வந்திருக்கான், நான் பாத்துட்டேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க,” என்று சத்தமாகச் சொன்னார். அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஊர் முழுக்க ஞானம்பாள் வீட்டு வாசலில் கூடியது. கூடியவர்களுக்கு விதி தெரியும். அவளை மேலே நிறுத்தியிருப்பது, அவனுக்கு வர மனசில்லை என்று அவள் சொன்ன சொல்லின் உண்மை. அவன் மனசோடு வந்திருந்தால் அந்தச் சொல் பொய்யாகும், அவள் தரைக்கு வருவாள். குமரவேல் அண்ணாந்து பார்த்துப் பேசினான். அந்தப் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றான். செய்தது தப்பு என்றான். இனி இங்கேதான் இருப்பேன், உன் நினைப்பு இல்லாத நாள் இல்லை என்றான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் அவன் முகத்தை விட்டு அவள் பாதத்தைப் பார்த்தது. காமாக்ஷி தன் வீட்டிலிருந்து கணக்கு வகுப்பு அளவுகோலையே கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார். பாதம் நெல்மணி அளவும் இறங்கவில்லை.

“சொல்லி முடிச்சாச்சா? சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றாள் ஞானம்பாள்.

பரணிலிருந்து சோறும் புளிக்குழம்பும் கயிற்றில் இறக்கினாள். அவன் வெறுந்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான், மறுசோறு கேட்கவில்லை, மத்தியான வண்டிக்குக் கிளம்பிவிட்டான். கூட்டமும் கலைந்தது. காமாக்ஷி மட்டும் பாத்திரத்தைக் கழுவி, கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்.

“கொஞ்சமாவது இறங்குவேன்னுதான் நினைச்சேன், டீச்சர்,” என்றாள் ஞானம்பாள். காமாக்ஷி கைக்கு எட்டிய முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஞானம்பாள் முதல் மணிக்கு முன்னாலேயே பள்ளிக்குப் போய், வேறு யார் கையும் எட்டாத உயரத்தில், கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதியும் கிழமையும் எழுதிவிட்டு, பிள்ளைகளை உட்காரச் சொன்னாள்.