பாதியில் நின்ற வாக்கியத்துக்கு ஒரு கும்மி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. திருத்தங்கலில் என் புத்தகம் அச்சான பிரஸ்ஸில், மெஷின்மேன் இருளாண்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது. மெஷின் ஓட ஓட அவர் வலது கையால் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அன்றிலிருந்து அரைத்தூக்கத்தில் எனக்கு அந்த மெஷின் கும்மி கொட்டுகிறது.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: 'அவர் மனைவி பொன்மணியின் குரல் தேனாக' வேண்டாம். பொன்மணிக்குக் கட்டைக்குரல்தான்.

2

பொன்மணிக்குப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. சிறுமியாக இருந்தபோதே முளைப்பாரிக் கும்மியில் பாட்டை எடுத்துக்கொடுப்பவர். போன வருஷம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் வாசலில் பெண்களைச் சேர்த்துக் கும்மி பழக்கிக்கொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்த இருளாண்டி எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னாலும், "வாய மூடுறியா" என்றார்.

பொன்மணி திரும்பிப் பார்த்தார். "நாளையில இருந்து நான்" என்று ஆரம்பித்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் பேச்சும் போயின.

(அந்த வாக்கியத்தை நானே முடித்துப் பார்த்தேன். 'நாளையில இருந்து நான் உங்க' என்று எழுதி அடித்துவிட்டேன். முடிக்க நான் யார்?)

3

கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பாதியில். மெட்டில் வலப்பாதிக்குப் பெரிய பங்கு. நடுவே நரம்பிழைகளால் ஆன ஒரு பாலம். சிறுவயதிலேயே இசை பழகியவர்களுக்கு அந்தப் பாலம் சற்றுத் தடிப்பாக இருப்பதுண்டு என்கிறார்கள். இருளாண்டியிடம் சொன்னேன்.

"கலர் அச்சுல நீலமும் செகப்பும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா ஒக்காரணும். வெலகிட்டா காலண்டர்ல சாமிக்கு ரெண்டு மூக்கு. அதானே சொல்றீக?"

கிட்டத்தட்ட அதுதான்.

4

மதுரையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லியிருக்கிறார்: பேச வராதவருக்குப் பாட வரலாம், இடது கையால் தாளம் தட்டவிட்டு, சொல்ல வேண்டியதை மெட்டில் போடுங்கள். கும்மிக்கு இரண்டு கை வேண்டுமே. பொன்மணியின் இடது கையோடு இருளாண்டியின் வலது கை சேர்ந்துகொண்டது. எந்தப் பாட்டுக்கு வாயை மூடச் சொன்னாரோ அதே மெட்டில் அவர் தினமும் "தண்ணி வேணுமா" என்று பாட, ஒரு நாள் பொன்மணி "வே...ணும்" என்று பாடிவிட்டார்.

இருளாண்டி மேல் எனக்குச் சந்தேகம். இது அன்பா, குற்ற உணர்ச்சியா? அவரிடமே கேட்டேன்.

"அன்னைக்கு அவ என்ன சொல்ல வந்தான்னு தெரியணும் சார். பாட மாட்டேன்னா, இல்ல இங்கன இருக்க மாட்டேன்னா?"

"அந்த வரியையே பாடிக் கேளுங்களேன்."

"பயமா இருக்கு."

5

நேற்றுச் சாயங்காலம் அவர்கள் வீட்டில் இருந்தேன். கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட்டுப் போன புழுதி தெருவில் அடங்காமல் மிதந்தது. பொன்மணி இடது கையை நீட்டினார். இருளாண்டி வலது கையைக் கொடுத்தார். தாளம் விழுந்தது. யாரும் எடுத்துக்கொடுக்காமல் பொன்மணியே ஆரம்பித்தார்:

"நாளையில இருந்து நா...ன்..."

இருளாண்டி தட்டுவதை விடவில்லை.

அடுத்த சொல் இன்னும் வரவில்லை. நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவு: 'பாட மாட்டேன்' என்று பொன்மணி பாடுகிறார், மூன்று பேரும் சிரித்துவிடுகிறோம். [எனக்கு இதுதான் ஆசை. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.]

இன்னொன்று: 'இங்கன இருக்க மாட்டேன்.' அதற்கப்புறம் அந்த வலது கை

இதற்கு மேல் என்னால் ஆகாது. நீங்கள் இடது கையால் மடியில் மெல்லத் தட்டிக்கொண்டு அந்த வரியைப் பாடிப் பாருங்கள். அடுத்து எந்தச் சொல் வந்தாலும் சரி. ஆனால் இருளாண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பாட வேண்டும். அவர் இன்னும் கையை எடுக்கவில்லை.