ரௌட்டரில் எரிந்த சிவப்பு

கோச்சடை வீட்டுக்குக் காலையில்தான் ஃபைபர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்போது பச்சையாக எரிந்த ரௌட்டர், மத்தியானம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. சாயங்காலம் முனீஸ்வரி முதன்முதலாக ஆன்லைனில் டியூஷன் எடுக்க வேண்டும். கம்பெனிக்குப் போன் போட்டால், "நாளைக்கு ஆள் வரும்" என்றார்கள்.

"நாளைக்கே பாத்துக்கிருவோம்" என்றான் புருஷன் ஜெயபாண்டி.

"இதுல பச்சை எரியாம நான் இந்த இடத்தைவிட்டு எந்திரிக்க மாட்டேன்."

முனீஸ்வரியின் பிடி உடும்புப் பிடி. ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டாள். வாசலிலிருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எங்கும் மடங்கவில்லை, எலியும் கடிக்கவில்லை. கடைசியில் சுவிட்சை அணைத்து, ரௌட்டரில் செருகியிருந்த வயரையே உருவினாள். நுனியில் மஞ்சளாக என்னவோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தாள். சந்தனம்!

"யாரு பாத்த வேலை இது?"

ஜெயபாண்டி தலையைச் சொறிந்தான். "புதுப் பொருளு, வெள்ளிக்கெழமை வேற. எல்லாத்தையும் கழட்டி, பொட்டு வச்சு, சாமி கும்புட்டு மாட்டுனேன்."

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நுனியையும் துளையையும் துடைத்துச் செருகினாள். சிவப்பு போய்ப் பச்சை எரிந்தது.

"அந்த நுனி வழியாத்தான் வெளிச்சமே வருது. பொட்டை நெத்தியில வைங்க, கண்ணுல அப்பாதீங்க!"