தலைப்பாகை அவிழாத காலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது.

வேதத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் அவன் ஜனங்களோடு பேசுகிறான். மாலையில் அவன் மனைவி செத்துப்போகிறாள். அழக்கூடாது என்று ஆண்டவர் முன்பே சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அவர் சொன்னபடியே அவன் நடந்துகொள்கிறான். அவ்வளவுதான். அவள் பெயர் என்ன, யார் குளிப்பாட்டினார்கள், யார் குழி வெட்டினார்கள், ஒன்றும் கிடையாது. ஒரு பெண்ணின் ஆயுளை இரண்டு வரியில் மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த எரிச்சலோடு கண்ணயர்ந்தவன், பாபிலோனில் கேபார் கால்வாய்க் கரையில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கண் விழித்தேன். அது நடந்து பல வருஷம் ஆயிற்று. மதியத் தூக்கம் வரும்போதெல்லாம் போய் வருகிறேன். அந்தக் குடியிருப்பின் நாய்கள்கூட இப்போது என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை. மண்சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். சுவர் ஒன்றும் பெரிய சுவர் இல்லை, இருமினால் கேட்கும்.

2

முதல் தொடக்கம்: "எருசலேமிலிருந்து சிறைபிடிக்கப்பட்டவர்கள் பாபிலோன் ராஜாவின் கால்வாயில் மண் அள்ளிக்கொண்டிருந்த காலத்தில்..." பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அன்று மாலை தண்ணீரில் வெளிச்சம் மெல்லக் கரைந்துகொண்டிருக்க, அவள்" வேண்டாம். சாகப்போகிறவளுக்கு எதற்கு இந்த ஜோடனை?

மூன்றாவது: "ஆசாரியன் பூசியின் மகன் எசேக்கியேல், பெண்டாட்டியின் இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்." இது தேவலை. வேதத்திலும் இது உண்டு. ஒரு செங்கல்லில் எருசலேமைக் கீறினான். அதைச் சுற்றி மண்மேடு கட்டினான். நடுவே இரும்புச் சட்டியை மதிலாக நிறுத்தி, நகரம் இப்படித்தான் முற்றுகையிடப்படும் என்று காட்டினான். கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. அந்தச் சட்டிக்கு இன்றுவரை அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் எதில் அப்பம் சுட்டார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் கேட்டேன், சுவர் வழியாக. அவளும் அவள் தங்கை அத்தாராளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சட்டிய அத்தான் எப்பக்கா திருப்பித் தருவாராம்?"

"முற்றுகை முடியணுமாம்."

"அது எப்ப முடியுமாம்?"

"ஆண்டவருக்கே வெளிச்சம். அதுவரைக்கும் உன் சட்டியக் குடுடி, மாவு புளிச்சுப்போயிரும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாடு போய், கோயிலை விட்டுப் பிரிந்து, அந்நிய மண்ணில் குந்தியிருக்கிறவள் அப்படிச் சிரிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் மறுபடி மறுபடி அங்கே போனேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

[அவளுக்குப் பெயர் வைக்க முயன்றேன். அவர்கள் ஜனத்துப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். எதற்கும் அவள் திரும்பவில்லை. அவள் புருஷன் ஊமையாக இருந்த காலம் அது. ஆண்டவரின் வாக்கு வந்தால் பேசுவான், மற்ற நேரம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளைக் கூப்பிட நிலைக்கட்டையை விரலால் தட்டுவான். அவள் உடனே திரும்புவாள். தட்டுவதை எப்படி எழுதுவது? ஆகவே இந்தக் கதையிலும் அவளுக்குப் பெயர் இல்லை.]

3

அவனைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். சொல்லப்போனால் ஆரம்பத்தில் அவனைக் கட்டோடு பிடிக்கவில்லை.

பட்டாக்கத்தியால் தன் தலையைத் தானே சிரைத்து, மயிரைத் தராசில் நிறுத்துப் பங்கு வைத்தான். மாசக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தான். ஒருநாள் வீட்டுச் சுவரைக் கையாலேயே இடித்து, அந்த ஓட்டை வழியாக மூட்டையோடு வெளியே வந்தான். எருசலேமில் மிச்சமிருப்பவர்களும் இப்படித்தான் புறப்படுவார்களாம். குடியிருப்புக்கு அது நல்ல பொழுதுபோக்கு. பாட்டுக் கச்சேரிக்கு வருவதுபோல் வந்து கூடி, கேட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிக் கலைந்துபோனார்கள். எல்லாம் சரி, சுவரை யார் அடைத்தது? ஊர் அழியும் என்று சொல்ல ஆள் உண்டு, ஓட்டையை அடைக்க அவள் ஒருத்திதான்.

இப்படி அவனைத் திட்டி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அவள் சுவர் பூசுவதைப் பார்த்தேன். அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழைத்த மண்ணை உருண்டை உருண்டையாக அவள் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எத ஒடைக்கப் போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிருங்க, நான் மண்ணு கொழச்சு வச்சுக்கறேன்" என்றாள் அவள். "ஓ, நீங்கதான் பேச மாட்டீங்களே. கையாலயாச்சும் காட்டுங்க."

அவன் சத்தமில்லாமல் சிரித்தான். தோள்கள் மட்டும் குலுங்கின. அப்போது அவன் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவன் கண்ணுக்கு அவள் எவ்வளவு பிரியமானவள் என்று வேதம் சொல்வது அலங்காரம் இல்லை. எழுதி வைத்த பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

4

இனி அந்த மாலையை எழுத வேண்டும். எழுதாமல் பல நாள் இழுத்தடித்தேன். கால்வாய்ப் பக்கம் மரங்கள் அசைவதை எழுதினேன், சூளைப்புகை தாழ்ந்து வருவதை எழுதினேன், வாத்துகளைப் பற்றிக்கூட ஒரு

விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். நோய் நொடி ஒன்றும் இல்லை. தங்கை ஓடி வருவதற்குள் உயிர் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் கால்வாய் மேட்டுக்கு அப்பால் புதைத்துவிட்டார்கள்.

சாவு வீட்டில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. துக்கக்காரன் தலைப்பாகையை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி, வாயைத் துணியால் மூடித் தரையில் உட்கார வேண்டும். அவன் முதல் வாய் அப்பம் அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து வர வேண்டும். தன் கையால் சுட்டதைத் தானே தின்னக்கூடாது. உன் துக்கத்தை நீ ஒருவனாகச் சுமக்கவில்லை என்று ஊர் சொல்லுகிற விதம் அது. சொந்த ஊரில் குடும்பக் கல்லறை இருந்தது. இங்கே என்ன இருக்கிறது? செத்தவளுக்குக் கொடுக்க அழுகையை விட்டால் வேறு சொத்து இல்லை.

மறுநாள் காலை அவன் வெளியே வந்தான். தலைப்பாகை ஒழுங்காகக் கட்டியிருந்தது. காலில் செருப்பு இருந்தது. வாய் மூடப்படவில்லை, கண் கலங்கியிருக்கவில்லை.

கோடி வீட்டுச் சிபியாள் கையில் கஞ்சிக் கலயத்தோடும் முகமெல்லாம் சிரிப்போடும் வேகமாக வந்தாள். வாசலில் அத்தாராள் நின்றிருந்தாள்.

"எங்கடி உன் அக்கா? நேத்து மயங்கி விழுந்துட்டான்னு கேட்டதுலருந்து எனக்கு மனசே சரியில்ல. ஒரு ஒப்பாரிச் சத்தமும் காணோம். காலையில எட்டிப் பாத்தா உன் அத்தான் தலைப்பாகையும் செருப்புமா நிக்கிறாரு. அப்பாடா, எந்திரிச்சிட்டா மகராசின்னு வாற்கோதுமைக் கஞ்சி காச்சி எடுத்தாந்தேன். சூட்டோட குடுக்கணும், வழிய விடு."

"பொதச்சாச்சு மதினி" என்றாள் அத்தாராள்.

சிபியாள் கலயத்தைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்தாள், அவன் தலையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏண்டி... ரெண்டு பேருக்கும் எதுவும் மனஸ்தாபமா? அவ எதுவும் தப்பு கிப்பு..."

அத்தாராள் தன் வீட்டுக்குப் போய் மாவு பிசைய ஆரம்பித்தாள். அவள் பிசைந்த வேகத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

5

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். குடியிருப்பின் மூப்பன் அனாயா முன்னால் வந்தான்.

"ஐயா, நீர் எது செஞ்சாலும் அதுல எங்களுக்கு ஒரு சேதி இருக்கும். இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லும்."

எசேக்கியேலின் நாக்கு அவிழ்ந்தது. நீங்கள் உயிராக நினைக்கும் கோயில் விழும் என்றான். ஊரில் விட்டுவந்த உங்கள் பிள்ளைகள் வாளால் சாவார்கள். அன்றைக்கு நீங்களும் என்னைப்போலத்தான் நிற்பீர்கள். தலைப்பாகை அவிழாது, கண்ணீர் வராது, உள்ளுக்குள்ளேயே உருகிப்போவீர்கள். நான் உங்களுக்கு அடையாளம். இதைச் சொல்லி முடித்ததும் அவன் வாய் மறுபடி கட்டிக்கொண்டது.

அனாயா ஒரு மகளை எருசலேமில் விட்டுவிட்டு வந்தவன். தாடியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையை நினைத்தார்கள். புதைத்தவளை ஒருவரும் நினைக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தாராள் வந்தாள். துணியில் சுற்றிய அப்பம் கையில் இருந்தது.

"உங்க கோயிலுக்கு அடையாளம், சரி. என் அக்கா என்ன, செங்கல்லா? இரும்புச் சட்டியா? எடுத்துக் காட்டிட்டுக் கீழ வைக்க?"

"யம்மா, இது ஆண்டவர் வாக்கும்மா" என்றான் அனாயா.

"ஆண்டவர்ட்ட நான் அப்புறமாப் பேசிக்கறேன், நீங்க தள்ளுங்க." அவன் எதிரே போய் அப்பத்தை நீட்டினாள். "அத்தான், ஒரு வாய். ஒரே ஒரு வாய் தின்னுங்க. கட்டினவன் அவளுக்காகத் துக்கம் இருந்தான்னு பேராவது இருக்கட்டும். அவ தப்பு செஞ்சாளான்னு கேக்கறாங்க அத்தான்."

அவன் அசையவில்லை.

நானும் அசையவில்லை. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

6

(அ) அவன் வாங்கித் தின்கிறான், கதறி அழுகிறான், எல்லோரும் அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். எழுதும்போது நானும் அழுதேன். ஆனால் அது அவன் இல்லை, நான். அனாயாவின் மகள் செத்த சேதி வருகிற நாளில், அழ முடியாமல் நிற்கப்போகிற அனாயாவுக்கு, அதே வழியில் முன்னால் போய்வந்தவன் என்று ஒருவன் வேண்டுமே.

(ஆ) அவன் கல்லாக நிற்கிறான். அவள் அப்பத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறாள். எறும்பு மொய்க்கிறது. முற்றும். பத்திரிகைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்கு வேண்டாம்.

(இ) என்று எழுதி, அதன் கீழே "அவள் சாகவில்லை" என்று

அத்தாராள் என் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வீட்டுக்காரரே, உம்மத்தான். எத்தனையோ தொடக்கம் எழுதினீரே, ஒண்ணுலயாச்சும் அவள உசுரோட விட்டீரா?"

"வேதத்துல அப்படித்தான்மா இருக்கு. நான் என்ன செய்ய?"

"இவரும் அதத்தான சொல்றாரு, அப்படித்தான் சொல்லியிருக்குன்னு. அப்ப நீர் எதுக்கு?"

வெட்கமாக இருந்தது. அவள் பேர்கூட இல்லாமல் செத்தாள் என்று எரிச்சல்பட்டு வந்தவன், கதைக்காக அவளை மறுபடி சாகடித்திருக்கிறேன். கடவுளையாவது கேள்வி கேட்கலாம், என்னைக் கேட்க அத்தாராளுக்கு ஒரு மண்சுவர்தான் இருந்தது.

ஆகவே கட்டளையை மறுபடி படித்தேன், வக்கீல் சட்டத்தில் சந்து தேடுவதுபோல. அழாதே. தலைப்பாகையை அவிழ்க்காதே. செருப்பைக் கழற்றாதே. வாயை மூடாதே. பிறர் கொண்டுவரும் துக்க அப்பத்தைத் தின்னாதே.

தின்னாதே என்றுதான் இருக்கிறது.

7

அவன் கையை நீட்டி அப்பத்தை வாங்கினான்.

வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அதைப் பிட்டான். பிட்ட துண்டை அத்தாராளிடம் நீட்டினான்.

எனக்கே புரியச் சற்று நேரம் ஆனது. அவளும் துக்கக்காரிதான். கூடப் பிறந்தவள். ஊரே அவன் தலைப்பாகையைப் பார்த்துக்கொண்டிருந்ததில், அவளுக்கு ஒரு வீட்டிலிருந்தும் அப்பம் வரவில்லை. தானே சுட்டதைத் தின்னவும் அவளுக்கு வழியில்லை. அவன் துக்கம் இருக்கக்கூடாது, சரி. துக்கம் இல்லாதவன் அப்பம் கொடுக்கிற அடுத்த வீட்டுக்காரனாக இருக்கலாம் அல்லவா? சுட்டது அவள்தான், ஆனால் இப்போது அது வருவது அவன் கையிலிருந்து.

"இது வழக்கத்துல உண்டா?" என்றான் அனாயா, யாரிடமோ.

"சும்மா இரும்யா" என்றாள் சிபியாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "வாங்கிக்கடி, வாங்கிக்க."

அத்தாராள் வாங்கவில்லை. துண்டைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உள்ளுக்குள்ளயாவது அழுவுறீங்களா, அத்தான்?"

அவன் வாய் கட்டப்பட்டிருக்கிறது, பதில் வராது. முகத்தில் இருந்தால்தான் உண்டு. நான் அவன் முதுகுப் பக்கம் இருக்கிறேன், இங்கிருந்து தலைப்பாகையின் பின்முடிச்சும் நீட்டிய கையும்தான் தெரிகின்றன. எழுந்து அந்தப் பக்கம் போயிருக்கலாம். போக எனக்குத் தைரியம் இல்லை. அந்த வீட்டில் ஒன்றை ஏற்கெனவே முடிவு செய்தவன் நான், இன்னொன்றையும் நானே முடிவு செய்யக்கூடாது.

நீங்கள் போங்கள். சிபியாளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கிருந்து அவன் முகம் நன்றாகத் தெரியும். அத்தாராள் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். அவள் வாங்கினாளா இல்லையா என்று எனக்குச் சொல்ல வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம் போங்கள், அவள் நேற்று மாலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.