ஒன்பதாம் கட்டிலின் இசையமைப்பாளர்

மகாபலிபுரம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கேளம்பாக்கத்தில் இளநீர் குடிக்க இறங்கியபோதுதான் அந்த ஜெர்மன்காரர் சரிந்து விழுந்தார். டாக்ஸி டிரைவர் துரை வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் தப்பியது. வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. அது எண்பத்தாறாம் வருஷக் கோடை.

அவர் பெயர் வெர்னர் ஹால்பாக். அவர் யாரென்பதை நர்ஸ் ஞானசௌந்தரிக்கு அவர் மனைவி லீசாதான் ஆங்கிலத்தில் சொன்னாள். ஹாம்பர்க் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். சிறு வயதிலேயே மதுக்கடைகளில் அக்கார்டியன் வாசித்தவர். போர் முடிந்து ஊரே இடிந்து கிடந்தபோது, பிரிட்டிஷ் சிப்பாய்களின் கிளப்பில் பியானோ வாசித்தார். அங்கிருந்து சினிமா. கடலுக்குப் போன மாலுமிக்காக ஒருத்தி காத்திருப்பதாக அவர் மெட்டமைத்த பாட்டை, அந்த நாட்டில் கல்யாண வீட்டிலும் பாடினார்கள், சாவு வீட்டிலும் பாடினார்கள். பிறகு கிட்டார் காலம் வந்தது. படக் கம்பெனிகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன.

"நாடே அவர் பாட்டைப் பாடிச்சு, சிஸ்டர். அவர் மட்டும் பாடினதே இல்ல. தன் குரல் கட்டைக் குரல்னு வெட்கம். எனக்குக்கூடப் பியானோவிலதான் வாசிச்சுக் காட்டுவார்" என்றாள் லீசா.

ஒன்பதாம் கட்டிலில் கிடந்த ஹால்பாக் பேச முயன்றால் "தோ... தோ..." என்று மட்டுமே வரும். ஆத்திரத்தில் இடது கையால் கட்டிலைக் குத்துவார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. வேர்வையில் அவர் தவித்தார். ஆயா சரசு செய்தித்தாளால் விசிறினாள். ஞானசௌந்தரிக்குத் திடீரென்று தோன்றியது.

"மேடம், அந்த மாலுமிப் பாட்டைக் கொஞ்சம் பாடுங்களேன். மனசு அடங்கும்."

லீசா தயங்கித் தயங்கிப் பாடினாள். இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. கரகரத்த, உடைந்த ஆண்குரல். லீசா நிறுத்திவிட்டாள். அந்தக் குரல் நிற்கவில்லை. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தடுக்காமல், முழுசாக வந்தன. இடது கை விரல்கள் போர்வைமேல் தாளம் போட்டன. ஞானசௌந்தரிக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் லீசாவின் முகத்தைப் பார்த்ததும், அவை நிஜமான சொற்கள் என்று தெரிந்துவிட்டது.

"இன்னா சிஸ்டர் இது! பேச்சு வர்ல, பாட்டு மட்டும் வந்துகினு கீது!" என்றாள் சரசு. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்த சவுரிமுத்து எழுந்து உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

டாக்டர் தயாளன் ஓடிவந்தார். "மூளையில பேச்சுக்கு ஒரு பக்கம், பாட்டுக்கு இன்னொரு பக்கம்னு படிச்சிருக்கேன். கண்ணால இப்பதான் பார்க்கறேன்" என்றார். கோயிலுக்குள் நிற்பவரைப்போல அவர் குரல் தணிந்திருந்தது.

லீசா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்தக் குரலைக் கேட்க ஏங்கியிருக்கேன்."

அன்றிலிருந்து அவர் தண்ணீரைப் பாடித்தான் கேட்டார். ஜன்னலைத் திறக்கவும் பாடினார். ஒரு முறை வந்த மெட்டு மறுமுறை வராது. ஞானசௌந்தரி வேலையே இல்லாமலும் அந்தப் பக்கம் போய் நின்றாள்.

ஒரு காலை சரசு வழக்கம்போல "போதுமா, போதுமா" என்று கேட்டபடி இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். "போதும்" என்றார் ஹால்பாக். ராகமில்லாமல், வெறும் பேச்சாக.

சரசு கரண்டியைக் கீழே போட்டாள். "யம்மாடி! தமிள்ல பேசிட்டாரு!"

அர்த்தம் கேட்ட லீசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "என்கிட்ட முதல்ல சொல்ல வேண்டிய வார்த்தை இதுதானா?"

அடுத்த மாதம் இருவரும் ஊருக்கு விமானம் ஏறினார்கள். இரண்டு கிறிஸ்துமஸ் கழித்து, ஆஸ்பத்திரிக்கு ஹாம்பர்க்கிலிருந்து போன் வந்தது. இடது கையாலேயே எழுதி ஒரு படத்துக்கு இசையமைத்திருக்கிறார் என்றாள் லீசா. பிறகு அவரே பேசினார். திக்கித் திக்கி, நான்கைந்து ஆங்கிலச் சொற்கள்.

ரிசீவரை வைத்த ஞானசௌந்தரி அங்கேயே நின்றாள்.

"இன்னா பாட்டு பாடுனாரு, சிஸ்டர்?"

"பாடல சரசு. பேசினார்."