நாற்பது நிமிடம் தாமதமாக வந்த நண்பகல்

அந்தக் கோபுரத்தின் மேலிருந்து அக்கா பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: ஆற்று நீரின் நிறமும் கடலின் நிறமும் சேரும் கோடு. முப்பது வருடம் தையல் கடையில் துணிக்கு நூல் பொருத்தியவள். இப்போது அவள் பார்வையின் ஓரங்கள் போய்விட்டன. நடுவில் ஒரு சின்ன வட்டம் மிச்சம். அதுவும் இந்த வருடம் தாண்டாது என்று டாக்டர் சொன்னதால்தான், இரண்டு பஸ் மாறி இந்தப் பழைய துறைமுக ஊருக்கு வந்தோம்.

யாரும் போகாத கடல்களைக் கடந்து போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் வந்து நின்ற, நம் மேற்குக் கரை ஊர். கோபுரம் கரையைவிட்டுத் தள்ளி, பாறை மேல் நிற்கிறது. அங்கே போகக் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கல்பாதை. ஓரம் தெரியாத அக்காவால் என் கையைப் பிடிக்காமல் அதில் நடக்க முடியாது.

"ஒரு மணிக்கெல்லாம் பாதை மூழ்கிடும். அதுக்குள்ள போயிட்டுத் திரும்பிடுங்க. அப்புறம் பொழுது சாயற வரைக்கும் தண்ணிதான்" என்றார் காவலர். மணி பதினொன்றே முக்கால். போய்வர அரை மணி போதும்.

பாதைக்கு முன்னால் அருங்காட்சியகம் இருந்தது.

"அஞ்சே நிமிஷம் பாத்துட்டுப் போயிடலாம்க்கா."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? ரேடியோவைப் பிரிச்சு மாட்ட அஞ்சு நிமிஷம் கேட்ட. அது இன்னும் பரண்ல டப்பாக்குள்ள கிடக்கு."

முற்றத்தில், தொட்டுப் பார்க்கவென்றே மாலுமிகளின் கருவி ஒன்றின் மாதிரியை வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவு பித்தளை வட்டம். காற்று தள்ளாமல் புகுந்து போக நடுவே வெட்டி எடுத்திருக்கும். ஆடாமல் தொங்க அடிப்பாகம் கனமாக இருக்கும். நடுவில் சுழலும் சட்டத்தின் இரு பக்கமும் துளையிட்ட தகடுகள். மேல் துளையில் நுழையும் வெயில் கீழ்த் துளையில் விழும்வரை சட்டத்தைத் திருப்பினால், சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது டிகிரியில் தெரியும். உச்சி நேரத்தில் அதை அளந்து, அன்றைய தேதிக்கான அட்டவணையோடு கூட்டிக் கழித்தால் போதும்; பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது நடுக்கடலிலும் தெரிந்துவிடும்.

அக்காவின் கை நடுங்காது. அவளே வளையத்தைத் தூக்கிப் பிடித்தாள். பன்னிரண்டு மணிக்கு அளந்தேன். விடை சுவரிலிருந்த வரைபடத்தோடு இரண்டு டிகிரி இடித்தது.

ஏனென்று யோசித்ததும் புரிந்துவிட்டது. கடிகாரத்தின் பன்னிரண்டு நாடு முழுவதற்கும் பொது. சூரியன் உச்சிக்கு வருவது ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போட்டால், இங்கே அது பன்னிரண்டு நாற்பதுக்குத்தான்.

"டேய், தண்ணி ஏறுதுடா. சத்தம் கேக்குது."

"தப்பான விடையோட எப்படிக்கா போறது? இன்னும் கொஞ்ச நேரந்தான்."

அவள் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். நாற்பதுக்கு விடை கச்சிதமாக வந்தது. குதித்தேன்.

"வந்துடுச்சா? ரொம்ப சந்தோஷம். இப்பப் போலாமா?" என்றாள்.

பாதையின் வாயில் சங்கிலி போட்டிருந்தார்கள்.

"அவங்களுக்குக் கண்ணு..." என்று காவலரிடம் ஆரம்பித்தேன்.

"நான் விட்டாலும் கடல் விடாது சார்."

அக்கா சங்கிலியைப் பிடித்தபடி தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, அந்தச் சின்ன வட்டத்தால் கடலைத் தேடினாள். "இங்கேருந்து எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு" என்றாள். கோபம் இல்லை. திட்டியிருக்கலாம்.

பஸ்ஸில், அடுத்த மாதம் மறுபடி வரலாம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வெகுதூரம் நான் வாயே திறக்கவில்லை.

"என்னடா, பேட்டரி தீந்துடுச்சா?" என்று முழங்கையால் இடித்தாள். "உச்சி நேரம் ஏன் ஊருக்கு ஊர் மாறுது? அதையாவது சொல்லு."

"பூமி சுத்துதுல்லக்கா..." என்று தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு, கல்பாதையில் பிடித்திருக்க வேண்டிய அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.